அம்பு கோணலாகப் போகிறதா? யோக்கை முறுக்கிப் பாருங்கள்

பல கொம்பவுண்ட் வில்களில் (முனைகளில் சக்கரமும் கேபிளும் உள்ள வில்) கேபிளின் ஒரு முனை கவைபோலப் பிரிந்து, கேமின், அதாவது அந்தச் சக்கரத்தின், இரு பக்கமும் அச்சில் மாட்டியிருக்கும். அதுதான் யோக். புதுக் கேபிள் வாங்கும்போது கவையின் இரண்டு கால்களையும் தனித்தனியாக முறுக்க முடியுமா என்று பாருங்கள். நடுவில் வழுக்கி ஓடும் வகையில் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்க வராது. நான் அதை வாங்கவே மாட்டேன். டைனீமா, வெக்ட்ரன் என்ற இரண்டு செயற்கை இழைகளும் கலந்த நூல் என்றால் நல்லது, நாளாக நாளாக நீளுவது குறைவு. மட்டக்களப்பு வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் வில்லை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, முறுக்குவது எப்படி? முதலில் ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி) நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சட்டத்தில் கடதாசியை இழுத்துக் கட்டி, ஆறடி தள்ளி நின்று எய்யுங்கள். அம்பின் வால் இடப்பக்கம் கிழித்தால், இடது காலில் அரை முறுக்குக் கூட்டி, வலது காலில் அதே அளவு குறையுங்கள். வலப்பக்கம் என்றால் மாறி. கூட்டுவதும் குறைப்பதும் சமமாக இல்லாவிட்டால் கேபிளின் நீளம் மாறி கேமின் டைமிங் (சுழலும் நேர ஒத்திசைவு) குழம்பிவிடும். ஒவ்வொரு அரை முறுக்குக்கும் மறுபடி எய்து பாருங்கள், அவசரம் வேண்டாம். வில் பிரஸ் (வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் மட்டும் கேபிளைக் கழற்றாதீர்கள். லிம்பில் (வில்லின் வளையும் கையில்) அடங்கியிருக்கும் விசை விரலை முறித்துவிடும்.