வலி நின்றாலும் கழற்றக் கூடாத பட்டை: இரண்டாம் கழுத்தெலும்பு முறிவும் வீட்டுப் பராமரிப்பும்

செம்பனைக் குலை விழுந்தோ, மோட்டார் சைக்கிளில் சறுக்கியோ, குளியலறை சிமெண்டுத் தரையில் வழுக்கியோ கழுத்தெலும்பு முறிந்தவர்களில் சிலருக்கு எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும். கழுத்தில் ஏழு எலும்புகள். மேலிருந்து இரண்டாவதில் முளை ஒன்று மேல்நோக்கி நிற்கிறது. அந்த அச்சில்தான் தலை இடவலமாகத் திரும்புகிறது. முளையின் அடியில் விழும் முறிவு, அதாவது டாக்டர்கள் 'டைப் 2' என்பது, மெதுவாக ஆறுவதற்குப் பேர் போனது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஒட்ட வேண்டிய பரப்பும் சிறியது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலோ, முளை ஐந்தாறு மில்லிமீட்டர் விலகியிருந்தாலோ கூடாமலே போகும் அபாயம் இன்னும் அதிகம்.

பிசகு நடப்பது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில். வலி போயிருக்கும், எலும்பு கூடியிருக்காது. "சரியாயிட்டு" என்று, கழுத்தை அசையாமல் பிடிக்கும் பட்டையை (காலர்) கழற்றிவிட்டு, சுளுக்கு எடுக்கிறவரிடம் நீவப் போவார்கள். முளைக்குப் பின்னால் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து உடம்புக்கு இறங்கும் நரம்புக் கற்றை, ஓடுகிறது. இந்தக் கழுத்தை யாரும் நீவக் கூடாது, திருப்பக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது. பட்டை வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இருக்கும். எப்போது கழற்றலாம் என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்வார்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் மதிய வெக்கையும் தகரக்கூரையும் பட்டைக்கு எதிரி. பட்டைக்குள் வியர்வை ஊறிய பஞ்சுத் திண்டு தோலைப் புண்ணாக்கும். பின்னந்தலையில் வந்த புண் பெரிதானால் பட்டையையே தொடர முடியாமல் போகலாம். அதனால் தினமும் ஒருமுறை திண்டை மாற்றுங்கள். இரண்டு செட் கேட்டு வாங்கி வையுங்கள், சாயந்தர மழையில் ஒரு செட் காயவே காயாது. மிதமான சோப்பில் கசக்கி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் காற்றாட விட்டால் போதும்.

மாற்ற இரண்டு பேர் வேண்டும், தனி ஆளாகச் செய்யாதீர்கள். முதலில் பட்டையின் ஒட்டுப்பட்டி முடியும் இடத்தை இருபுறமும் மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள், திரும்பப் பூட்டும்போது அளவு தப்பாது. நோயாளி கெட்டியான கட்டிலில் மல்லாந்து படுக்கட்டும். கூன் விழுந்த பெரியவராக இருந்தால் தலைக்கடியில் எவ்வளவு உயரத்துக்குத் துணி மடித்து வைக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே தட்டையாகப் படுக்க வைத்தால் கழுத்து பின்னால் மடங்கும். தலைமாட்டில் நிற்பவர் முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, இரண்டு காதோரமும் உள்ளங்கையால் பிடித்து, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை கை எடுக்கக் கூடாது. மற்றவர் முன்பகுதியைக் கழற்றி, கழுத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, புதுத் திண்டோடு திரும்ப மாட்டட்டும். பிறகு தலை, தோள், இடுப்பு மூன்றும் மரக்கட்டை போல ஒன்றாக ஒருபக்கம் புரள வேண்டும். அப்போது பின்பகுதியைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். பவுடர் வேண்டாம், வியர்வையோடு கட்டியாகி உரசும். எண்ணெயும் வேண்டாம். பின்முடியைக் குட்டையாக வெட்டி, தாடியைச் சவரம் செய்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

துடைக்கும்போதே தாடை, பின்னந்தலை, காதடி, காறை எலும்பு நான்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதாகத் தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது. கிளினிக்கில் காட்டி அளவைச் சரிசெய்யுங்கள், திண்டை வீட்டில் வெட்டாதீர்கள். தாடை பட்டைக்குள் நழுவி இறங்கினால் பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டை போட்டவருக்குத் தன் கால் தெரியாது. குளியலறைப் படியில் கலர் டேப் ஒட்டுங்கள், இரவு விளக்கு எரியட்டும். குந்தும் கழிவறை என்றால் உயர்ந்த நாற்காலிக் கோப்பை போடுங்கள். சாப்பாட்டுத் தட்டை பிஸ்கட் டின் மேல் வைத்து நெஞ்சு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். நேராக உட்கார்ந்து, சிறு கவளமாகச் சாப்பிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், சளி நெஞ்சில் கட்டிவிடும்.

எலும்பு கூட முட்டை, மீன், பருப்பு, தெம்பே, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சிகரெட்டும் வேப் என்ற மின்சிகரெட்டும் ரத்தக்குழாயைச் சுருக்கி எலும்பைக் கூடவிடாது. பாட்டி வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள், வேறு வலிமாத்திரையைக் கடையில் தானாக வாங்காதீர்கள்.

கை மரத்துப்போனாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள்.

வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ நடந்த விபத்து என்றால், எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) நான்கு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவில் தற்காலிக ஊனப் படி கேட்கலாம். சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு. எம்சி தாள் ஒன்றுகூடத் தொலையாமல் பைலில் போடுங்கள், வேலையிடத்துக் கிராணியிடம் கொடுக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள்.

பன்னிரண்டு வார ஸ்கேனில் எலும்பு கூடவில்லை என்றால் பதற வேண்டாம். பட்டையை நீட்டிக்கலாம். முதல் இரண்டு எலும்புகளை ஸ்குரூ போட்டு இணைக்கலாம், ஆனால் தலை திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதி போய்விடும். வயதானவர்களுக்கு நார்போல ஒட்டி அசையாமல் நின்றாலே போதும் என்று டாக்டர் விட்டுவிடுவதும் உண்டு. கழற்றச் சொன்ன பிறகும் சதை வலுவிழந்திருப்பதால் தலை கனக்கும். வீட்டில் சில மணி நேரம் கழற்றி, பிசியோ சொல்லும் கணக்கில் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். ரிவர்ஸ் எடுக்கத் தோளோடு சேர்ந்து திரும்பிப் பார்க்க முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகுதான் கார் ஓட்டலாம்.