பெரிய பகா எண்களில் எங்கே சறுக்குகிறோம்?

காரைக்குடிப் பக்கம் கணக்கு டியூஷனில் மெர்சென் எண்களைத் தொட்டாலே பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும். 2ஐ அடுக்கேற்றி ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுக்கு 2, 3, 5, 7 என்றால் விடை 3, 7, 31, 127. நான்கும் பகா எண்கள். உடனே, அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த அடுக்கான 11ஐப் போட்டால் 2047 வரும். அது 23 × 89. அத்தனை ஆத்தங்குடித் தரைக்கல் இருந்தால் வரிசைக்கு 89 வீதம் 23 வரிசை போட்டு ஒரு முகப்பையே மிச்சமில்லாமல் நிரப்பலாம். பகா எண்ணிக்கையில் கல் இருந்தால் ஒற்றை வரிசைதான். அடுக்கு பகு எண் என்றால் விடையும் பகு எண், இது மட்டும் உறுதி.

அடுத்த தவறு, கண்ணில் பட்ட எண்ணாலெல்லாம் வகுத்துக்கொண்டே போவது. அடுக்கு 31க்கு விடை 2147483647. வர்க்கமூலமான 46340ஐத் தாண்டி ஒரு எண்ணையும் தொட வேண்டாம். அதற்குள்ளும் எல்லாம் தேவையில்லை: இதற்கு வகுத்தி இருந்தால் அது 62இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவை 747தான். முதலில் வரும் 63, 125, 187, 249 நான்கும் பகு எண்கள், தள்ளிவிடலாம். அடுத்தது 311, வகுத்தால் மீதி 35. இப்படியே போனால் கடைசிவரை எதுவும் வகுக்காது. கணித மேதை ஆய்லர் 1772இல் இது பகா எண் என்று காட்டியதும் இப்படி வகுத்திகளை வடிகட்டித்தான். இந்த வடிகட்டலைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

சாதாரண கால்குலேட்டரை நம்புவதும் ஆபத்து. அடுக்கு 67க்கு விடை 21 இலக்கம். கால்குலேட்டர் வால்பக்க இலக்கங்களை விட்டுவிடும். அப்புறம் அதை எதால் வகுத்துப் பார்த்தும் பயனில்லை. இவ்வகை எண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் பகா எண் பட்டியலில் சேர்த்த எண் இது. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இது பகு எண் என்று நிறுவினார், ஒரு காரணிகூடத் தெரியாமலே! 1903இல்தான் அமெரிக்கக் கணிதர் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்டும் யூக்ளிட் நிரூபணத்திலும் குழப்பம் உண்டு. பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பகா எண் கிடைத்துவிடாது. 2 முதல் 13 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 30031. அது 59 × 509. புதிய பகாக் காரணி கிடைக்கும், அவ்வளவுதான் உத்தரவாதம்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841, இலக்கங்கள் 4,10,24,320. இதை ‘மிகப் பெரிய பகா எண்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். பகா எண்களுக்கு முடிவே கிடையாது. அப்போது தெரிந்தவற்றில் பெரியது என்று எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் தெரியும் என்றும் நினைக்காதீர்கள். 50 இலக்கப் பகா எண்களைக்கூட யாரும் முழுதாகப் பட்டியலிட்டதில்லை.