ஃபைலுக்கு எக்ஸ்அட்டர் போடுறப்போ எங்கெல்லாம் சொதப்புறோம்

ஃபைல் உள்ள இருக்கிறத தொடாம, அதுமேல நம்ம சொந்த குறிப்பு ஒண்ணு ஒட்டி வைக்கலாம், அதுக்குப் பேருதான் எக்ஸ்அட்டர் (எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட்). லினக்ஸ்ல அதுக்கு செட்எக்ஸ்அட்டர்னு ஒரு சிஸ்டம் கால், அதாவது ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட நேரா வேலை கேக்குற வழி, இருக்கு. பாத், பேரு, மதிப்பு, சைஸ், ஃபிளாக்னு அஞ்சே ஆர்க்யுமென்ட், ஆனா அஞ்சுலயும் வழுக்கும்.

முதல்ல பேரு. வெறும் 'ரேட்டிங்'னு குடுத்தா "ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்"னு வரும், உடனே நாம ஃபைல்சிஸ்டத்தை சந்தேகப்பட்டு மவுண்ட் ஆப்ஷனை எல்லாம் நோண்ட ஆரம்பிச்சிடுவோம். விஷயம் என்னன்னா பேருக்கு முன்னாடி 'யூசர்' போட்டு ஒரு புள்ளி வைக்கணும், அவ்ளோதான். மேக்ல இந்த முன்னொட்டு தேவையே இல்ல, ஆர்க்யுமென்ட்டும் அங்க ஆறு, அதனால அங்க ஓடுன கோடை அப்படியே தூக்கிட்டு வந்தா இங்க நிச்சயம் முட்டும்.

அடுத்தது சைஸ், இது பைட் கணக்கு, எழுத்து கணக்கு இல்ல. 'தமிழ்'னு மதிப்பு குடுக்கிறீங்கன்னு வைங்க, கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல அஞ்சு குறி, யூடிஎஃப்-8ல 15 பைட். 5னு சைஸ் குடுத்தா கெர்னல் வாயே திறக்காது, 'த'வையும் 'ம'வோட மூணு பைட்ல ரெண்டையும் சேமிச்சிட்டு சக்சஸ்னு சொல்லிடும். திரும்ப படிக்கும்போது கடைசில சரம் முடிஞ்சுதுன்னு காட்டுற நல் பைட் (மதிப்பு 0) இருக்கும்னும் நம்பாதீங்க, நீங்க குடுத்த பைட் மட்டும்தான் வரும், சி-ல அத அப்படியே பிரிண்ட் பண்ணா பின்னாடி இருக்கிற குப்பையும் சேந்து வரும்.

ஃபிளாக்ல 0 போட்டா இருந்தா மாத்தும் இல்லன்னா புதுசா போடும். ஏற்கனவே இருக்கிறத மிதிச்சிடக் கூடாதுன்னா கிரியேட் ஃபிளாக் போடுங்க, "முதல்ல இருக்கான்னு பாப்போம், இல்லன்னா போடுவோம்"னு ரெண்டு சிஸ்டம் காலா பிரிச்சா நடுவுல வேற ப்ராசஸ் பூந்துடும்.

அப்புறம் டிஸ்க்ல ஏகப்பட்ட இடம் கிடக்கும், ஆனா "நோ ஸ்பேஸ்"னு எரர் வரும். லினக்ஸ் ஒரு மதிப்புக்கு 64 கேபி வரை விடும்தான், ஆனா லினக்ஸ்ல பரவலா இருக்கிற இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துல சாதாரணமா ஒரு ஃபைலோட எல்லா எக்ஸ்அட்டரும் சேந்து ஒரே பிளாக்குக்குள்ள, அதாவது பெரும்பாலும் 4 கேபிக்குள்ள அடங்கணும். தம்ப்நெயில் படத்தை எல்லாம் இதுக்குள்ள திணிக்க நினைக்கிறது எனக்கு புரியாத ஆசை. சிம்லிங்க் (வேற ஃபைலைக் கைகாட்டுற இணைப்பு) மேலயே யூசர் எக்ஸ்அட்டர் போடவும் முடியாது, பெர்மிஷன் இல்லன்னு திருப்பி விட்டுடும்.

இதெல்லாம் எரரா வந்து மூஞ்சில அடிக்கும், பரவால்ல. சத்தமில்லாம கழண்டு விழுறது தான் மோசம். ஃபைலை காப்பி பண்ண சும்மா சிபி கமாண்ட் அடிச்சா எக்ஸ்அட்டர் கூட வராது, ப்ரிசர்வ் ஆப்ஷன்ல கேக்கணும், டார் கமாண்ட்லயும் அதுக்குன்னு தனி ஆப்ஷன், ஆர்சிங்க்ல பெரிய எக்ஸ் ஆப்ஷன். நான் ஒரு தடவ "சரிபார்த்தாச்சு"ன்னு ஒரு அடையாளத்தை இப்படி ஒட்டி வச்சேன், எடிட்டர்ல ஒரு கமா திருத்தி சேவ் பண்ணேன், அடையாளம் காணோம். நிறைய எடிட்டர் புது ஃபைல் எழுதி பழைய பேருக்கு மாத்தி வைக்கும், அது வேற ஐநோட் (ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் வச்சிருக்கிற பதிவு), நம்ம குறிப்பு பழைய ஐநோடோட போயிடுச்சு. உங்க எடிட்டர் எப்படின்னு தெரியணும்னா சேவ் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்டாட் கமாண்ட் அடிச்சு ஐநோட் நம்பரைப் பாருங்க, மாறியிருந்தா அப்படியே எக்ஸ்அட்டரைக் காட்டுற கெட்ஃபாட்டர் கமாண்டும் அடிச்சு பாத்துடுங்க.