பொனேர் தீவில் கரை டைவிங்: திட்டமிடும்போதே செய்யும் தவறுகள்

கரீபியன் கடல் தீவான பொனேரின் மேற்குக் கரைச் சாலையோரம் மஞ்சள் வர்ணம் பூசிய கற்களில் டைவ் தளங்களின் பெயர் எழுதியிருக்கும். பிக்அப் வண்டியில் காற்று டேங்கை ஏற்றிக்கொண்டு போய், படகில்லாமல் கரையிலிருந்தே கடலுக்குள் இறங்க வேண்டியதுதான். ஆனால் படகுக்காரரும் வழிகாட்டியும் பார்த்துக்கொள்ளும் வேலையெல்லாம் இங்கே உங்கள் பொறுப்பு. விடுமுறை கெடுவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

முதல் தவறு காலில் தொடங்குகிறது. கரை மணலாக இருக்கும் என்று நம்பி, வெறுங்காலில் மாட்டும் ஃபின்ஸ் (நீந்த உதவும் கால் துடுப்புகள்) கொண்டுபோகிறார்கள். பல இடங்களில் உடைந்த பவளத் துண்டுகளும் வழுக்குப் பாறையும்தான் கரை. கெட்டி அடிப்பாகமுள்ள பூட்ஸும், அதன்மேல் பட்டை போட்டு மாட்டும் ஃபின்ஸும் கட்டாயம். இறங்குமுன் சில நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். பிசிடியில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டை) காற்று, முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர் (டேங்கின் காற்றைச் சுவாசிக்கும் கருவி), கையில் ஃபின்ஸ். காலைத் தூக்காமல் தேய்த்தபடி இடுப்பளவு ஆழம் வரை நடந்து, அலை ஓய்ந்த இடைவெளியில் மிதந்து, உடன் டைவ் செய்பவரைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸ் மாட்டுங்கள். ஏறும்போது இதே வரிசை தலைகீழாக. அலையைத் தாண்டும்வரை ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்க வேண்டாம். விழுந்தால் முகம் தண்ணீருக்குள்தான் போகும். அதற்காகவே டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது, திரும்பி வரும் இடத்தைத் தொலைப்பது. பல தளங்களில் ஆழமற்ற பகுதியை நீந்திக் கடந்தால், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் சரிவு தொடங்கும். அந்த விளிம்பில் கண்ணில் நிற்கும் ஒரு பவளத்தையோ, மிதவையின் கயிற்றையோ அடையாளம் வைத்து, காம்பஸில் கரையின் திசையையும் பாருங்கள். முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். 200 பாரில் தொடங்கினால் 120-இல் திரும்புங்கள். வரும்போது ஓட்டம் உங்களைத் தள்ளிவிடும்.

மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையிலும் கவனம் வேண்டும். அலுமினியம் டேங்க் காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். நிறைந்த டேங்கோடு எடை பார்த்தவர், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் சில நிமிடம் நிற்க முடியாமல் தவிப்பார்.

தளத்தைப் பெயருக்காகத் தேர்வு செய்யாதீர்கள். 'தௌசண்ட் ஸ்டெப்ஸ்' என்பதில் ஆயிரம் படி கிடையாது. இருப்பது ஏறக்குறைய எழுபதுதான். ஆனாலும் டேங்கோடு ஏறும்போது அது போதும். 1984-இல் மூழ்கிய 'ஹில்மா ஹூக்கர்' கப்பல் சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. முதல் நாளுக்கு உகந்ததல்ல. 'சால்ட் பியர்' தளத்தில் உப்பு ஏற்றும் கப்பல் கட்டியிருந்தால் இறங்க முடியாது, காலையிலேயே டைவ் கடையில் கேளுங்கள். வடக்கே 'கர்பாட்டா' போகும் கரைச் சாலையில் ஒரு பகுதி ஒருவழிப் பாதை. திரும்ப ரிங்கோன் ஊர் வழியாகச் சுற்ற வேண்டும், நேரம் ஒதுக்குங்கள்.

கடல் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபாவின் கட்டணத்தைக் கட்டி, அறிமுக டைவை முடித்த பிறகே வழிகாட்டி இல்லாமல் இறங்கலாம். கையுறைக்குத் தடை உண்டு.

நிறுத்திய வண்டியில் எதையும் வைக்காதீர்கள். திருட்டு நடக்கிறது. கதவைப் பூட்டினால் கண்ணாடி உடைபடும் என்பதால், உள்ளூர்க்காரர்கள் பூட்டாமல் காலியாகவே விட்டுப் போகிறார்கள். வாடகை வண்டிகளில் பல கையால் கியர் மாற்றுபவை. முன்பதிவிலேயே உறுதி செய்யுங்கள்.

பல டைவ்களுக்குப் பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி தேவை. கடைசி நாளை வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவைத் தரைவழியே சுற்றிப் பார்க்க ஒதுக்கினால், ஆழத்தில் சுவாசித்ததால் உடலில் சேர்ந்த நைட்ரஜனும் வெளியேறும், ஈர உபகரணங்களும் அறையில் காய்ந்துவிடும்.