ட்ரையோமினோஸ்: எண் பொருந்தியும் காய் ஏன் உட்காரவில்லை?

எண்ணோடு எண் பொருத்தி ஆடும் டாமினோ தெரிந்தவனுக்கு, முக்கோணக் காய்களால் ஆடும் இந்த ட்ரையோமினோஸ் பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் நானும் ஆட உட்கார்ந்தேன். கையில் மூன்று மூலையிலும் 0-1-2 என்று எண் போட்ட காய், மேஜையில் கிடக்கும் 1-2-3 காயில் 1-2 பக்கம் காலி, ஆனால் எப்படித் திருப்பினாலும் பொருந்தவே இல்லை. காய் தப்பாக அச்சாகிவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். தப்பு என் மேல்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

1965-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. மொத்தம் 56 முக்கோணக் காய்கள், மூலைக்கு ஓர் எண், 0 முதல் 5 வரை. கவிழ்த்துக் கலக்கி, இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 9, மூன்று நான்கு பேர் என்றால் 7 எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் ஓரமாகக் கவிழ்ந்தபடியே கிடக்கட்டும். மூன்று மூலையிலும் ஒரே எண் உள்ள காய்களில் பெரியதை வைத்திருப்பவர் தொடங்குவார். கூட்டுத்தொகையோடு 10 சேர்த்துக் கிடைக்கும், 5-5-5 என்றால் 25. 0-0-0 போட்டுத் தொடங்கினால் மட்டும் 40, பூஜ்யத்துக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! அப்படிப்பட்ட காய் யாரிடமும் இல்லையென்றால் கூட்டுத்தொகை அதிகமான காய் தொடங்கும், கூடுதல் புள்ளி கிடையாது.

அப்புறம் முறைவைத்து ஒவ்வொரு காயாகப் பக்கத்தோடு பக்கம் சேர்க்க வேண்டும், அந்தப் பக்கத்தின் இரண்டு எண்களும் பொருந்த வேண்டும், போட்ட காயின் கூட்டுத்தொகைதான் உங்கள் புள்ளி. போட ஒன்றும் இல்லையா, குவியலிலிருந்து மூன்று காய் வரை எடுக்கலாம், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் 5 போகும், மூன்றும் உதவவில்லை என்றால் இன்னும் 10 போகும்.

சரி, அந்த 0-1-2. எல்லாக் காயிலும் எண்கள் கடிகார முள் சுற்றும் திசையில்தான் ஏறும். அதனால் 1-2-3 உண்டு, 1-3-2 கிடையாது. பக்கத்தில் வந்து சேரும் காய்க்கு அதே பக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது, ஆகவே 1-2-3 காயின் 1-2 பக்கத்தில் உட்காரக்கூடியவை இரண்டே இரண்டுதான்: 1-1-2, 1-2-2. அதே காயின் 3-1 பக்கத்துக்கு வாருங்கள், அங்கே 0-1-3, 1-1-3, 1-3-3, 1-3-4, 1-3-5 என்று ஐந்து காய்களுக்கு இடமிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரி. எதிராளியிடம் இரண்டு காய்தான் மிச்சம் என்றால் தாராளமான பக்கங்களை நீங்களே அடைத்துவிட்டு இந்த மாதிரிக் குறுகலான பக்கங்களை அவருக்கு விட்டுவையுங்கள்.

பெரிய புள்ளி இரண்டு இடத்தில் கிடைக்கும். காய்களின் மூலைகள் சேரும் ஓர் இடத்தைச் சுற்றி ஆறாவது காயைப் போட்டு அறுகோணத்தை மூடினால் 50. ஒரு பக்கம் பொருந்தி, எதிர் மூலையும் வேறொரு காயின் அதே எண்ணில் போய் முட்டினால் பாலம், அதற்கு 40. அறுகோணம் எல்லார் கண்ணிலும் படும், பாலத்தைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுவோம்.

கைக்காய்களை முதலில் தீர்த்தவருக்கு 25, அதோடு மற்றவர்கள் கையில் மிஞ்சியதன் கூட்டுத்தொகையும் சேரும். 400 தான் இலக்கு. எங்கள் வீட்டில் யாராவது 400-ஐத் தொட்டாலும் அந்தச் சுற்றை முழுசாக ஆடி முடித்த பிறகுதான் கணக்குப் பார்ப்போம்.