வாபஸ் வாங்கிய பிறகு மறுபடி ராஜினாமா: என் அனுபவம்

பெருங்குடியில் வேலை. மார்ச்சில் ராஜினாமா கொடுத்தேன். சம்பளம் ஏற்றித் தருகிறோம் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டதால் 22ஆம் நாள் வாபஸ் வாங்கினேன். ஏறவில்லை. (வாய்வார்த்தையை நம்பியது என் தப்புதான்.)

ஜூலை 7 மறுபடி கொடுத்தால், ஹெச்ஆர், "ஒரு தடவை வாபஸ் வாங்கினால் ஒரு வருஷம் ரிசைன் பண்ண முடியாது சார்" என்றார். அன்று ராத்திரி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை வரி வரியாகப் படித்தேன். 60 நாள் நோட்டீஸ் என்பதைத் தவிர வேறு தடையே இல்லை.

மறுநாள் ஒரே வரியில் மெயில்: "எந்த விதிப்படி என்று தெரிவிக்கவும்." என் ஜிமெயிலுக்கும் ஒரு காப்பி. பதிலே இல்லை.

ராஜினாமா நடைமுறைக்கு வரும் முன் வாபஸ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லியிருக்கிறது. வாபஸ் வாங்கினால் பழைய கடிதம் செத்தது, அவ்வளவுதான். வெளியேறும் உரிமை அதோடு போகாது. கட்டாய வேலையை அரசியலமைப்பின் 23ஆவது பிரிவே தடுக்கிறது. ஆனால் பழைய 22 நாளைக் கழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது, நோட்டீஸ் முதலிலிருந்துதான். அதனால் புதுக் கடிதத்தில் மார்ச் கதையை இழுக்காமல், கடைசி நாள் செப்டம்பர் 4 என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அந்தத் தேதியிலேயே ரிலீவிங் லெட்டர் வந்தது. பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.