கண்டறியப்படாத ஏடிஎச்டியோடு (கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு) வாழும் பெண்களுக்கு

பணம் கையில் இருந்தும் மின்சார பில்லைக் கட்ட மறந்து, இணைப்பைத் துண்டிக்கப்போவதாக எச்சரிக்கும் சிவப்பு பில் வந்த பிறகு ஓடுகின்ற பெண்ணை வீட்டார் பொறுப்பில்லாதவள் என்பார்கள். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் பல வருடங்கள் நானும் அப்படித்தான் வாழ்ந்தேன். வகுப்பில் துள்ளித் திரியாமல் யன்னலைப் பார்த்துக் கனவு காணும் சிறுமியை யாரும் வைத்தியரிடம் கூட்டிச் செல்வதில்லை. அதனாலேயே பெண்களிடம் ஏடிஎச்டி நாற்பது வயதிலும் பெயரில்லாமல் கிடக்கிறது.

பெயர் கிடைக்கும்வரை, நினைவில் வைத்திருக்க முயல்வதை விட்டுவிட்டு, நினைவைக் கண்ணெதிரே வையுங்கள். என் வீட்டுத் திறப்புக்கு வாசற்கதவின் உட்புறத்தில் ஓர் ஆணி இருக்கிறது. கையில் வேறு என்ன இருந்தாலும் திறப்பு அதில் தொங்கிய பிறகே செருப்பைக் கழற்றுவேன். பில் வந்தால் மேசையில் வைக்காமல், நின்ற இடத்திலேயே கைபேசியில் கட்டிவிடுங்கள். பால் காய்ச்சும்போது அடுப்படியை விட்டு நகர வேண்டாம், ஒரு நிமிடத்துக்குக்கூட. தொடங்கவே முடியாத வேலைக்கு, பேசாமல் பக்கத்தில் இருந்து தன் வேலையைப் பார்க்கும் ஒருவர் பெரிய துணை. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்குத் தடுமாற்றம் கூடுவதால், அந்நாட்களைக் கலண்டரில் குறித்து, முக்கியமான வேலைகளை முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

இவை சிகிச்சைக்கு ஈடாகா. மனநல நோய்களைக் கண்டறிய வைத்தியர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேட்டின் அளவுகோலின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்; ஆகவே பழைய தேர்ச்சி அறிக்கைகளைத் தேடி எடுங்கள். 1983 கலவரத்திலோ பின்னைய இடப்பெயர்வுகளிலோ அவற்றைத் தொலைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! அப்படியானால் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ, சிறுவயதில் நீங்கள் எதையெல்லாம் தொலைத்தீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தைரொயிட் கோளாறு, இரத்தச்சோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு, போர் விட்டுச் சென்ற மனவடு ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதால், மருந்தைப் பற்றி நீங்களாகவே முடிவெடுக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். மனநல வைத்தியரிடம் போகும்போது, எழுதிய தாளையே நீட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல வந்தது மறந்துபோவதும் இந்த நிலையின் ஒரு பகுதிதான்.